87 சதவீதமும் 55 சதவீதமும்: யாருடைய மானியத்தை நிறுத்துவது?

வாசகரின் கடிதம், சுருக்கமாக:

அரசுத் துறை ஒன்றில், வேலைப் பயிற்சி மானியங்களைக் கண்காணிக்கும் பிரிவுக்கு 8 மாதங்களுக்கு முன் மாற்றலாகி வந்த அதிகாரி இவர். பொறுப்பில் 34 பயிற்சி நிறுவனங்கள். இவர் வரும்வரை யாரும் எதையும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. காலாண்டு அறிக்கை வரும், கோப்பில் சேரும், அடுத்த தவணை போகும். இவர் உட்கார்ந்து எல்லா அறிக்கைகளையும் ஒரே டேஷ்போர்டில் ஏற்றி, வேலைவாய்ப்பு விகிதத்தின்படி வரிசைப்படுத்தினார். முதலிடத்தில் இருப்பது 87 சதவீதம், கடைசியில் இருப்பது 55.

மேலதிகாரிக்கு அட்டவணை பிடித்துப்போயிற்று. "கடைசி 5 பேருக்கு அடுத்த தவணையை நிறுத்துங்கள், பட்டியலையும் வெளியிட்டுவிடலாம்" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். கடைசியில் இருக்கும் நிறுவனமோ சிறையிலிருந்து விடுதலையானவர்கள், மாற்றுத்திறனாளிகள், பல வருடம் வேலையில்லாமல் இருந்தவர்கள் ஆகியோருக்குப் பயிற்சி தருவது. விஷயம் காதுக்கு எட்டியதும் அதன் இயக்குநர், "நீங்கள் சேர்க்கச் சொன்ன ஆட்களைத்தானே சேர்த்தோம்?" என்று கேட்டிருக்கிறார். இன்னொரு உறுத்தலும் உண்டு. முதலிடத்து நிறுவனத்தின் பட்டியலில் 17 பேர் ஒரே முதலாளியிடம், ஒரே தேதியில் வேலைக்குச் சேர்ந்ததாக இருக்கிறது.

"எண்கள் பொய் சொல்லாது என்று நம்பித்தான் இந்த வேலையை ஆரம்பித்தேன். இப்போது கையெழுத்துப் போடப் பயமாக இருக்கிறது. இந்தத் தரவை வைத்துத் தவணையை நிறுத்தலாமா? தாமதித்தால் எனக்குச் சிக்கல் வருமா? அந்த 17 பேர் விவகாரத்தை மோசடி என்று புகார் செய்ய வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார். பின்குறிப்பாக ஒரு வரி: அந்த இயக்குநர் தினமும் போன் செய்கிறார், இவர் எடுப்பதில்லை.

பதில்:

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களுக்கு அப்புறம் வருகிறேன். இந்த அட்டவணையை மட்டும் வைத்து யாருடைய தவணையையும் நிறுத்தாதீர்கள். அதற்காக அட்டவணையை மூடியும் வைத்துவிடாதீர்கள். 34 நிறுவனங்களில் எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்று அது உங்களுக்குச் சொல்லும். அங்கே என்ன நடந்தது என்பதை நீங்கள் போய்த்தான் பார்க்க வேண்டும்.

எண்கள் பொய் சொல்லாது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் டேஷ்போர்டில் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் எழுதியது யார் என்று கொஞ்சம் யோசியுங்கள். அந்த எண்ணை வைத்துப் பணம் வாங்கப்போகும் நிறுவனமே எழுதியது. அவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலானவர்கள் நேர்மையாகவே எழுதுகிறார்கள். ஆனால் படிவத்தில் எந்தக் கட்டத்துக்கு என்ன பொருள் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்தப் புரிதல் பெரும்பாலும் தங்களுக்குச் சாதகமான பக்கமே சாய்ந்திருக்கும். மனித இயல்பு அது.

வகுக்கும் எண்ணைப் பாருங்கள்

கடிதத்தோடு அந்த இரண்டு நிறுவனங்களின் மூல அறிக்கைகளையும், பெயர்களை அடித்துவிட்டு, அனுப்பியிருந்தீர்கள். நல்லதாகப் போயிற்று. ஒரு பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலிடத்து நிறுவனத்தில் சேர்ந்தவர்கள் 200 பேர். பயிற்சியை முடித்தவர்கள் 120. தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்கியவர்கள் 110. வேலை கிடைத்ததாகக் காட்டப்பட்டவர்கள் 96. அவர்கள் 96ஐ 110ஆல் வகுத்திருக்கிறார்கள். 87 சதவீதம் வந்துவிட்டது.

கடைசி நிறுவனத்தில் சேர்ந்தவர்கள் 90 பேர். முடித்தவர்கள் 74. வேலைக்குப் போனவர்கள் 41. இவர்கள் 41ஐ 74ஆல் வகுத்திருக்கிறார்கள். 55 சதவீதம்.

இரண்டு நிறுவனங்களையும் ஒரே கோலால் அளப்போம். சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? முதலிடத்தில் 200க்கு 96, அதாவது 48 சதவீதம். கடைசியில் 90க்கு 41, ஏறக்குறைய 46 சதவீதம். 32 புள்ளி இடைவெளி 2 புள்ளியாகிவிட்டது. இதற்கு முன் யாரும் அளந்ததில்லை என்பதால், படிவத்தில் "வேலைவாய்ப்பு விகிதம்" என்று மட்டும் இருந்தது, எதை எதால் வகுப்பது என்று சொல்லவில்லை. இது உங்கள் பிரிவின் குறை. இந்த இரண்டு நிறுவனங்களையும் இதற்காகக் குற்றம் சொல்ல முடியாது.

அரசு செலவு செய்தது சேர்ந்தவர்கள் எல்லோருக்கும்தானே? அப்படியென்றால் பாதியில் நின்ற 80 பேர் கணக்கிலிருந்து எப்படிக் காணாமல் போகலாம்? 200 பேர் சேர்ந்த இடத்தில் 80 பேர் நின்றுவிட்டார்கள் என்றால், நான் முதலில் போய்ப் பார்ப்பது அந்த நிறுவனத்தைத்தான். 90 பேரில் 16 பேர் மட்டுமே நின்ற இடம், அதுவும் நீங்கள் சொல்லும் பின்னணியிலிருந்து வந்தவர்களை வைத்துக்கொண்டு, ஏதோ நல்ல காரியம் செய்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

உள்ளே வந்தவர்கள் யார்?

அந்த இயக்குநர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் கேட்டதையே அமெரிக்கா 40 ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 1982இல் அங்கே ஒரு வேலைப் பயிற்சிச் சட்டம் வந்தது. பயிற்சி முடிந்து எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், என்ன சம்பளம் என்று அளந்து, நன்றாகச் செய்யும் அமைப்புகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார்கள். எப்படியும் வேலை கிடைத்துவிடும் ஆட்களாகப் பார்த்துச் சேர்ப்பதற்கு இது ஆசை காட்டுகிறது என்ற குற்றச்சாட்டு சீக்கிரமே எழுந்தது. ஆங்கிலத்தில் இதற்குப் பாலேடு எடுப்பது என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அதே திட்டத்தை ஆய்வாளர்கள் 16 இடங்களில் சோதித்தார்கள். விண்ணப்பித்த சுமார் 20,000 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் திட்டத்தின் கதவைத் திறந்து, பிறகு இரண்டு பகுதியினரின் வருமானத்தையும் ஒப்பிட்டார்கள். வயது வந்தோருக்கு ஓரளவு பலன் இருந்தது, இளைஞர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. உங்களுக்குத் தேவையான செய்தி இதற்கு அடுத்தது. அந்தத் தரவை வைத்துப் பின்னர் நடந்த ஆய்வுகளில், திட்டம் பயன்படுத்திவந்த குறுகிய கால அளவீடுகளுக்கும் பயிற்சியால் உண்மையில் விளைந்த பலனுக்கும் பெரிய தொடர்பு இல்லை என்று தெரிந்தது. பயிற்சியே இல்லாவிட்டாலும் வேலைக்குப் போயிருக்கக்கூடிய ஒருவரைச் சேர்த்தால் விகிதம் ஏறும், பலன் ஒன்றும் இருக்காது. வேலை கிடைக்க வாய்ப்பே இல்லாதிருந்த ஒருவரை வேலையில் உட்காரவைத்தால் பலன் பெரியது, ஆனால் அது அட்டவணையில் எல்லோரையும் போல ஒரே ஒரு ஆளாகத்தான் ஏறும்.

இதற்கு ஒரு பரிகாரத்தைச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். வியோவா (WIOA) என்று சுருக்கமாக அழைக்கப்படும் 2014ஆம் ஆண்டு அமெரிக்க வேலைப் பயிற்சிச் சட்டத்தின்படி, ஒவ்வொரு மாநிலத்தின் இலக்கும் உள்ளூர்ப் பொருளாதார நிலைக்கும் சேர்ந்தவர்களின் பின்னணிக்கும் ஏற்ப, ஒரு புள்ளியியல் கணக்கின் வழியே மாற்றியமைக்கப்படுகிறது. எந்தெந்தப் பின்னணி என்ற பட்டியலில் உடல் குறைபாடு, முன்பு சிறை சென்றது, வீடற்ற நிலை, குறைந்த எழுத்தறிவு, வேலை அனுபவம் இல்லாமை எல்லாம் இருக்கின்றன. உங்கள் கடைசி நிறுவனத்தின் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து எழுதியது போல இல்லையா?

உங்களிடம் புள்ளியியல் வல்லுநர் இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. 34 நிறுவனங்களையும் சேர்ப்பவர்களின் பின்னணியை வைத்து மூன்று நான்கு குழுக்களாகப் பிரியுங்கள். குழுவுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். அதோடு ஒவ்வொரு நிறுவனத்தையும் அதன் சென்ற மூன்று ஆண்டு எண்களோடு ஒப்பிடுங்கள். எக்செல்லில் ஒரு பிற்பகல் வேலை.

பிரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். பிரிட்டனில் 2011இல் தொடங்கிய ஒரு பெரிய வேலைத்திட்டத்தில், முடிவு காட்டினால்தான் பணம் என்று வைத்து, கடினமான பிரிவினருக்கு அதிகத் தொகையும் நிர்ணயித்தார்கள். அப்படியும் அந்தப் பிரிவினருக்குக் கிடைத்த பலன் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2014இல் எழுதியது. அதனால், குழு பிரித்த பிறகும், அந்தக் குழுவுக்குள் யார் கவனிக்கப்படாமல் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கும்.

எந்தத் தேதியில் எண்ணினார்கள்?

வேலையில் சேர்ந்த அன்று எண்ணுவதும், ஆறு மாதம் கழித்து எண்ணுவதும் வேறு வேறு உலகம். வியோவாவில் பயிற்சியை விட்டு வெளியேறிய பிறகு வரும் இரண்டாவது காலாண்டிலும் நான்காவது காலாண்டிலும் வேலையில் இருக்கிறார்களா என்று பார்க்கிறார்கள். அதையும் பெரும்பாலும் பயிற்சி நிறுவனத்திடம் கேட்பதில்லை. வேலையிழப்புக் காப்பீட்டுக்காக முதலாளிகள் தாக்கல் செய்யும் சம்பளப் பதிவேட்டோடு பொருத்திப் பார்க்கிறார்கள். எண்ணை எழுதுபவரும் பணம் பெறுபவரும் வேறு வேறு ஆட்கள் ஆகிவிடுகிறார்கள். உங்கள் அரசில் அப்படி ஒரு பதிவேடு எந்தத் துறையிடமாவது இருந்தால், அதோடு பொருத்த அனுமதி வாங்குவதுதான் இந்த ஆண்டு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை.

தேதியில் விளையாட்டும் நடக்கும். முன்பு சொன்ன 1982 சட்டத்தில், ஒருவரைத் திட்டத்திலிருந்து வெளியேறியவராக முறைப்படி பதிந்தால்தான் அவர் கணக்கில் வருவார். ஆகவே வேலை கிடைத்தவரை உடனே வெளியே பதிவார்கள், கிடைக்காதவரைப் பயிற்சி எதுவும் இல்லாமலேயே பெயரளவில் உள்ளே வைத்திருப்பார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் பதிவுகளை வைத்தே இதைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் 34 நிறுவனங்களில், படிப்புக் காலம் முடிந்து பல மாதங்கள் ஆகியும் "பயிற்சியில் உள்ளார்" என்று நிற்கும் பெயர்கள் எத்தனை? ஒரு வடிகட்டி போட்டால் தெரிந்துவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம்பகமான எண் தாமதமாகத்தான் வரும். இன்று உங்கள் கையில் இருக்கும் வேலைவாய்ப்பு விகிதம், ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த பேட்சின் கதை. அப்போது இருந்த பயிற்றுநரே இன்று அங்கே இல்லாமல் இருக்கலாம். பழைய பேட்சின் எண்ணுக்காக இன்றைய தவணையை நிறுத்தினால், அடிபடுவது இன்று வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள்.

அதனால் சீக்கிரம் தெரியும் சின்ன எண்களைச் சேர்த்துவையுங்கள். என் அனுபவத்தில் இவைதான் முன்கூட்டியே மணி அடித்திருக்கின்றன. முதல் மூன்று வாரத்தில் நின்றவர்கள் எத்தனை பேர்? மானியத்தில் 70 சதவீதம் செலவாகியும் சேர்க்கை இலக்கில் 30 சதவீதம்தான் எட்டியிருக்கிறதா? பயிற்றுநர் இடம் எத்தனை மாதமாகக் காலி? அறிக்கை ஒவ்வொரு முறையும் கடைசி நாள் இரவில்தான் வருகிறதா? கடைசியில் சொன்னதை அற்பமாக நினைக்காதீர்கள். பதிவேட்டைத் தினமும் எழுதும் இடத்தில் காலாண்டு அறிக்கை எழுத இரண்டு மணி நேரம் போதும். எழுதாத இடத்தில்தான் இரவெல்லாம் விழித்திருந்து பதிவேட்டையே உருவாக்க வேண்டியிருக்கும்.

சின்ன நிறுவனங்களைப் பற்றி ஒரே வரி: 12 பேர் பயிற்சி பெறும் இடத்தில் 7 பேருக்கு வேலை என்றால் 58 சதவீதம், 8 பேருக்கு என்றால் 67 சதவீதம். ஒரே ஒரு ஆள் தரவரிசையையே புரட்டிப் போடுவார் என்பதால், அங்கெல்லாம் மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

அந்த 17 பேர்

மோசடியாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இரண்டு அனுபவங்களையும் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி நிறுவனத்தின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 24 பெயர்கள், தினமும் 24 கையெழுத்து. எழுத்து ஒவ்வொன்றும் வித்தியாசமாக, இயல்பாகத்தான் இருந்தது. மை கூட மாறியிருந்தது. பக்கத்தை மூடப்போகும் நேரத்தில் ஒரு தேதி கண்ணில் பட்டது. பொதுத்தேர்தல் வாக்குப்பதிவு நாள். அன்றும் 24 பேரும் வந்து தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தார்களாம். அந்தக் கட்டடமே அன்று வாக்குச்சாவடி.

இன்னொரு இடத்தில், இதே உங்கள் கதைதான்: 30 பேர், ஒரே முதலாளி, ஒரே தேதி. நியமன ஆணைகள் எல்லாம் ஒரே வாசகம், எழுத்துப்பிழை கூட ஒரே இடத்தில். மாட்டிக்கொண்டார்கள் என்று எண்ணிக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால் புதிதாகத் திறந்த ஒரு கிடங்கு. திறப்பு நாளன்று மொத்தமாக ஆள் எடுத்திருக்கிறார்கள். 30 பேரில் 26 பேர் அங்கே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் மதிய ஷிப்ட். மீதி இரண்டு பேர் விலகிவிட்டார்கள், அதையும் நிறுவனம் மறைக்கவில்லை.

ஆகவே புகார் என்ற சொல்லைக் கோப்பில் எழுதுவதற்கு முன் போனை எடுங்கள். செய்யும் முறைதான் முக்கியம். முதலிடம், நடுவிடம், கடைசி இடம் மூன்றிலிருந்தும், வேலையில் இருப்பதாகக் காட்டப்பட்டவர்களில் 20 பேரைக் குருட்டாம்போக்காக எடுங்கள். முதலிடத்தில் மட்டும் அந்த 17 பேரையும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண்ணை வேலைவாய்ப்பு அறிக்கையிலிருந்து எடுக்காதீர்கள், சேர்க்கைப் படிவத்திலிருந்து எடுங்கள். மூன்று பேருக்கு ஒரே எண் இருந்தால் அதுவே ஒரு செய்தி. பேசும்போது "நீங்கள் இன்ன இடத்தில்தானே வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்கக் கூடாது, ஆமாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். "இப்போது எங்கே வேலை? எப்போது சேர்ந்தீர்கள்? மாதம் கைக்கு எவ்வளவு வருகிறது?" என்று கேட்டுவிட்டு, பேசாமல் காத்திருங்கள். இரண்டு ஊழியர்கள் இருந்தால் மூன்று நான்கு நாளில் முடிந்துவிடும்.

பதில்களும் பதிவும் பொருந்தவில்லை என்றால், அதன் பிறகு நீங்களே துப்பறியக் கிளம்ப வேண்டாம். அந்த நிறுவனத்துக்கு முன்கூட்டித் தெரியப்படுத்தவும் வேண்டாம். டேஷ்போர்டில் இருக்கும் தரவை அன்றைய தேதியோடு ஒரு பிரதி எடுத்துப் பூட்டுங்கள், மூல அறிக்கையில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாதீர்கள். யாரிடம் எப்போது பேசினீர்கள், என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் எழுதி, உள்தணிக்கைப் பிரிவுக்கோ லஞ்ச ஒழிப்புக் கண்காணிப்புப் பிரிவுக்கோ எழுத்துமூலம் அனுப்புங்கள். "மோசடி" என்று முடிவு கட்டுவது அவர்கள் வேலை. "முரண்பாடு" என்று எழுதினாலே உங்கள் கடமை நிறைவேறிவிடும்.

நிறுத்துவதற்கு முன் உள்ள படிகள்

நான் வழக்கறிஞர் அல்ல, மானியத் தணிக்கையில் காலம் கழித்த ஆள். உங்கள் துறையின் சட்ட ஆலோசகரிடம் இதைக் கட்டாயம் காட்டுங்கள். ஆனால் அவரைப் பார்க்கப் போகும்போது கையில் மானிய ஒப்பந்தம் இருக்கட்டும். அதில் என்ன இலக்கு எழுதியிருக்கிறது, அதை எப்படி அளப்பது என்று இருக்கிறதா, தவறினால் என்ன நடக்கும், எத்தனை நாள் அவகாசம் என்று இருக்கிறது? நீங்கள் எழுதியதிலிருந்து பார்த்தால் ஒப்பந்தத்தில் இருப்பது "ஆண்டுக்கு 90 பேருக்குப் பயிற்சி, அதில் 40 பேரை வேலையில் அமர்த்துதல்" என்பது மட்டுமே. கடைசி நிறுவனம் 41 பேரை அமர்த்தியிருக்கிறது. ஒப்பந்தத்தை நிறைவேற்றிய ஒருவரை, ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு தரவரிசையில் கடைசியில் இருக்கிறார் என்று தண்டிப்பதை எந்த மேல்முறையீட்டில் நியாயப்படுத்துவீர்கள்? தரவரிசை என்று வைத்துவிட்டால் 34 பேரும் பிரமாதமாகச் செய்தாலும் கடைசி 5 பேர் இருக்கத்தான் செய்வார்கள்.

உண்மையிலேயே இலக்கைத் தவறியவர்கள் இருந்தாலும் நேராக நிறுத்தத்துக்குப் போவதில்லை. வியோவாவில் ஒரு மாநிலத்தின் ஒட்டுமொத்த மதிப்பு, மாற்றியமைத்த இலக்கில் 90 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, தனியொரு அளவீடு 50 சதவீதத்துக்குக் கீழே போனாலோதான் தவறியதாகக் கொள்கிறார்கள். முதல் ஆண்டு தவறினால் கிடைப்பது தண்டனை அல்ல, உதவி. தொடர்ந்து இரண்டாம் ஆண்டும் தவறினால்தான் நிதியில் கை வைக்கிறார்கள். நீங்களும் இப்படிப் படி கட்டலாம்: விளக்கம் கேட்டு நோட்டீஸ், நேரில் ஆய்வு, கால வரம்போடு ஒரு திருத்தத் திட்டம், பிறகு பில் காட்டினால்தான் பணம் போன்ற நிபந்தனைகள், அப்புறம் பகுதி நிறுத்தம். முழுவதும் நிறுத்துவது கடைசிப் படி. அதிலும் பாதிப் பயிற்சியில் இருப்பவர்களை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யாமல் கையெழுத்துப் போடாதீர்கள். சிறையிலிருந்து வந்து, தயங்கித் தயங்கி வகுப்பில் உட்கார்ந்த ஒருவரிடம் "திட்டம் நின்றுவிட்டது" என்று சொன்னால் அவர் இன்னொரு முறை வரமாட்டார்.

தவணையை நிறுத்தியே ஆக வேண்டிய தருணமும் ஒன்று உண்டு. பணம் வேறு காரியத்துக்குப் போகிறது என்பதற்கு ஆதாரம் கையில் இருந்தால் இந்தப் படிகளில் நிதானமாக ஏறிக்கொண்டிருக்க முடியாது. அன்றே சட்டப் பிரிவைக் கேட்டு நிறுத்த வேண்டும். குறைந்த விகிதம் அப்படிப்பட்ட ஆதாரம் ஆகாது.

உங்கள் மேலதிகாரியும் நீங்களும்

தாமதித்தால் சிக்கலா என்று கேட்டிருந்தீர்கள். வாய்மொழி உத்தரவை நிறைவேற்றுவதில்தான் அதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. நாளைக்கு வழக்கு வந்தால் கோப்பில் இருக்கும் கையெழுத்து உங்களுடையது மட்டும்தான். மறுக்கவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். ஒரு குறிப்பு வையுங்கள்: "தங்கள் அறிவுறுத்தலின்படி கடைசி 5 நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் பார்க்கப்பட்டன. விகிதம் கணக்கிடும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால் ஒப்பீட்டை மறுபடி செய்ய வேண்டியுள்ளது. 6 வாரத்தில் சரிபார்த்த பட்டியல் சமர்ப்பிக்கப்படும். அதுவரை தவணையை நிறுத்துவதாயின் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவைச் சுட்டுவது எனத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்." 87 எப்படி 48 ஆனது என்ற கணக்கை ஒரு தாளில் பின்னிணைப்பாக வையுங்கள். என் அனுபவத்தில் கோபக்கார மேலதிகாரிகள்கூட இப்படிப்பட்ட தாளைப் பார்த்ததும் நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள். தவறான பட்டியலை வெளியிட்டு மாட்டிக்கொள்ள அவர்களுக்கும் விருப்பம் இருக்காது.

பட்டியலை வெளியிடுவது பற்றி. பொதுப்பணத்தின் கணக்கு மக்களுக்குத் தெரிய வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் 1 முதல் 34 வரை தரவரிசையாகப் போட்டால், அடுத்த சேர்க்கையிலேயே முன்பு சிறை சென்றவரின் விண்ணப்பம் "இடம் நிரம்பிவிட்டது" என்று திரும்பும். சேர்ந்தவர்கள், முடித்தவர்கள், வேலையில் ஆறு மாதம் நின்றவர்கள், சேர்ந்தவர்களின் பின்னணி என நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர் அகர வரிசையில் வெளியிடுங்கள். அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் இரண்டு மூன்று பேர்தான் வருகிறார்கள் என்றால் அந்த எண்ணை மறைத்துவிடுங்கள். சின்ன ஊரில் "முன்பு சிறை சென்றவர்: 1" என்று போட்டால் பெயரையே போட்டது மாதிரிதான்.

கடைசியாக அந்த இயக்குநரின் போன். எடுத்துப் பேசுங்கள். பயந்து ஒளிந்தால், ஏதோ முடிவாகிவிட்டது என்றுதான் அவர் எண்ணுவார். கூட ஒரு சக ஊழியரை வைத்துக்கொள்ளுங்கள், பேசியதைக் கோப்பில் இரண்டு வரி எழுதுங்கள். தவணை வரும், வராது என்று எந்த வாக்குறுதியும் கொடுக்காதீர்கள். அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வேலை கிடைக்காத 49 பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் எதிரில் ஒரு வரி. நல்ல நிறுவனத்துக்கு அது பெரும்பாலும் தெரிந்திருக்கும். "மருத்துவமனையில்", "அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார்", "இரண்டு இடத்தில் நேர்காணல், கிடைக்கவில்லை", "தொடர்பு விட்டுப்போயிற்று" என்று எழுதி அனுப்பிவிடும். இதே கேள்வியை, அதே வாரத்தில், பாதியில் நின்ற 80 பேரைப் பற்றி முதலிடத்து நிறுவனத்திடமும் கேளுங்கள். இரண்டு பட்டியல்களும் வந்து சேர எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.